ஹோலோகாஸ்ட்: பலியின் பெயர் படுகொலையின் பெயரான கதை

வேதாகமத்தில் உள்ள லேவியராகமத்தின் முதல் அதிகாரத்தைப் படித்தவர்களுக்குச் ‘சர்வாங்க தகனபலி’ என்ற சொல் நன்றாகத் தெரிந்திருக்கும். காளையோ ஆடோ புறாவோ, கொண்டுவந்த உயிரைப் பலிபீடத்தில் வைத்து, யாரும் உண்ண எதையும் எடுத்துக்கொள்ளாமல், முழுக்க எரித்துவிடுவது அந்தப் பலி. பழைய தமிழ் வேதாகமம் இப்படி நீளமாகச் சொன்னதை, 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘எரிபலி’ என்று நான்கே எழுத்தில் சொல்லிவிடுகிறது. இதே பலிக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்திய சொல்தான் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஹோலோகாஸ்ட் ஆனது.

இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் பலிபீடம் நினைவுக்கு வராது. 1941 முதல் 1945 வரை நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் சுமார் 60 லட்சம் ஐரோப்பிய யூதர்களைக் கொன்றதுதான் நினைவுக்கு வரும். கடவுளுக்கு உவந்து கொடுக்கும் காணிக்கையின் பெயர் இப்படி ஒரு குற்றத்தின் பெயரானது யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்ததால் அல்ல. பல நூற்றாண்டுகளாக அர்த்தம் தேய்ந்து, தீ விபத்துக்கும் போருக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் பயன்பட்டு, அப்புறம் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் இது. ஒட்டிக்கொண்ட பிறகுதான் பலரும் அதன் பழைய அர்த்தத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுமை. ‘காவ்ஸ்டோஸ்’ என்றால் எரிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து ‘ஹோலோகாவ்ஸ்டோன்’, முழுக்க எரிக்கப்பட்டது. இந்தக் ‘காவ்ஸ்’ என்ற பகுதி நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. தோலில் பட்டால் எரிக்கும் காஸ்டிக் சோடாவில் இருப்பது அதே வேர். ரத்தம் வழியும் இடத்தைச் சுட்டு அடைக்கும் காட்டரி சிகிச்சையிலும் அதுதான். பேனாவில் ஊற்றும் இங்க் கூட இந்தக் குடும்பம்தான் என்பது கொஞ்சம் ஆச்சரியமான விஷயம். ரோமப் பேரரசர்கள் கையெழுத்துப் போடப் பயன்படுத்திய ஊதா மைக்கு, சூட்டில் பதப்படுத்தியது என்ற பொருளில் ‘எங்காவ்ஸ்டோன்’ என்று பெயர். அது லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் இங்க் என்று நின்றுவிட்டது.

முழுக்க எரிக்கும் பலி கிரேக்கர்களிடம் வழக்கமான பலி இல்லை. சாதாரணமாக அவர்கள் மாட்டையோ ஆட்டையோ பலியிட்டால் தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றித் தேவர்களுக்கு எரித்துவிட்டு, இறைச்சியைச் சமைத்து ஊரே சாப்பிடும். பாதாள உலகத்தோடு தொடர்புள்ள சில தெய்வங்களுக்கும், இறந்துபோன வீரர்களுக்கும் செய்யும் சில சடங்குகளில்தான் மிச்சம் வைக்காமல் எரிப்பது வழக்கம். கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் தன் போர்ப் பயணத்தைப் பற்றி எழுதியதில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கி.மு. 399 வாக்கில், பாரசீகத்திலிருந்து படையோடு திரும்பி வந்த அவர் கையில் காசில்லை. ஊருக்குப் போகும் செலவுக்குக் குதிரையை விற்கிற நிலைமை. யூக்ளைடஸ் என்ற குறிசொல்லி, “மெய்லிகியோஸ் ஜீயஸ்தான் உமக்குத் தடையாக நிற்கிறார், ஊரில் செய்வதுபோல அவருக்கு முழு எரிபலி கொடுத்தீரா?” என்று கேட்கிறார். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கொடுக்கவில்லை என்கிறார் செனபோன். மறுநாள் பன்றிகளை முழுசாக எரித்துப் பலி கொடுக்கிறார். அன்றைக்கே படைக்கான பணத்தோடு இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள்; அவர் விற்ற குதிரையையும் மீட்டுக் கொண்டுவந்து, விலை வாங்க மறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த இடத்தில் செனபோன் பயன்படுத்தும் வினைச்சொல் ஹோலோகாஸ்டின் நெருங்கிய உறவு.

யூதர்களின் வேதத்தில் இந்தப் பலியின் பெயர் ‘ஓலா’. அந்தச் சொல்லில் எரிப்பது என்ற பொருள் கிடையாது. மேலே ஏறுவது என்பதுதான் வேர்ப் பொருள். உலகின் எந்த மூலையிலிருந்தும் யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடியேறுவதை இன்று ‘அலியா’ என்று சொல்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். பலி புகையாக மாறி மேலே ஏறிப் போகிறது. லேவியராகமம் அதைக் ‘கர்த்தருக்குச் சுகந்த வாசனையான தகனபலி’ என்கிறது. சடங்கின் விவரங்களும் அங்கேயே இருக்கின்றன. பழுதற்ற ஆண் விலங்காக இருக்க வேண்டும், கொடுப்பவர் அதன் தலையில் கைவைக்க வேண்டும், இரத்தத்தைப் பலிபீடத்தைச் சுற்றித் தெளிக்க வேண்டும், குடலையும் தொடைகளையும் தண்ணீரில் கழுவ வேண்டும். தோல் மட்டும் பலியை நடத்தும் ஆசாரியனுக்கு. மற்றதெல்லாம் நெருப்புக்கு. எருசலேம் ஆலயத்தில் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி என்று தினமும் இது நடந்தது. கி.பி. 70ல் ரோமர்கள் ஆலயத்தை இடித்ததோடு அது நின்றுபோனது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் யூத வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்க ஆரம்பித்தவர்கள், ‘மேலே ஏறுவது’ என்று சொல்லாமல், கண்ணுக்குத் தெரிகிற செயலைப் பிடித்துக்கொண்டார்கள். முழுக்க எரிகிறதா, சரி, ஹோலோகாவ்ஸ்டோன் மற்றும் அதன் கிளைச் சொற்கள். அதோடு சொல்லின் பார்வை புகையிலிருந்து நெருப்புக்கு மாறிவிட்டது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் லத்தீன் வேதாகமத்தில் வேலை செய்த ஜெரோம் கிரேக்கச் சொல்லை அப்படியே ‘ஹோலோகாஸ்டும்’ என்று எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அது 13ஆம் நூற்றாண்டிலேயே தென்படுகிறது. ஆதியாகமக் கதைகளைப் பாட்டாகச் சொல்லும் ஒரு பழைய படைப்பில், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தும் இடத்தில் வருகிறது. 1611ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில வேதாகமம் இந்தக் கிரேக்கச் சொல்லை ஒதுக்கிவிட்டு, ‘எரித்த காணிக்கை’ என்று புரிகிற ஆங்கிலத்தில் எழுதியது. லத்தீனிலிருந்து மொழிபெயர்த்த கத்தோலிக்கர்கள்தான் ஹோலோகாஸ்டை விடாமல் வைத்திருந்தார்கள். தமிழிலும் இப்படி இரண்டு வேதாகமங்களில் இரண்டு சொற்கள் இருந்தாலும், நம் கத்தோலிக்கர்கள் கடைசியில் எளிய சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

இதுவரை எல்லாம் சமயச் சடங்கு. மனிதர்களைக் கொல்வதற்கு இந்தச் சொல் எப்போது வந்தது என்று தேடினால் ஒரு கசப்பான விஷயம் கிடைக்கிறது. 1189 செப்டம்பர் 3ஆம் தேதி லண்டனில் முதலாம் ரிச்சர்டுக்கு முடிசூட்டு விழா. பரிசுகளோடு வந்த யூதர்களை உள்ளே விடாமல் அடித்து விரட்டினார்கள். கலவரம் நகரத்துக்குள் பரவி, யூதர்களின் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வின்செஸ்டர் மடத்துத் துறவி ஒருவர், டிவைசஸ் ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் என்று அறியப்படுபவர், அதைப் பற்றி லத்தீனில் எழுதினார். யூதர்களை ‘அவர்களுடைய தகப்பனான பிசாசுக்கு’ப் பலி கொடுக்க ஆரம்பித்தார்கள் என்றும், கொண்டாட்டம் பெரிதாகிவிட்டதால் அந்த ஹோலோகாஸ்டும் மறுநாள்கூட முடிவது கஷ்டமாக இருந்தது என்றும் எழுதுகிறார். நையாண்டியாக எழுதினாரோ வெறுப்பில் எழுதினாரோ, அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, 1190 மார்ச்சில், யார்க் நகரக் கோட்டையில் தஞ்சம் புகுந்த சுமார் 150 யூதர்கள் செத்தார்கள். கூட்டத்தின் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று பலர் தாங்களாகவே உயிரை விட்டார்கள். ஆக, யூதர்களைக் கொன்றதற்கு ஹோலோகாஸ்ட் என்று பெயர் வைத்தது 20ஆம் நூற்றாண்டில் முதல் தடவை நடந்ததல்ல. முதலில் அப்படி எழுதியவர் யூதர்களுக்காக அழுதவரும் அல்ல.

அந்தத் துறவியின் லத்தீனிலிருந்து ஆங்கிலத்தின் பொது வழக்குக்கு நேர்க்கோடு எதுவும் இழுக்க முடியாது. ஆங்கிலத்தில் சொல் தன் வழியில் நகர்ந்தது. 1671ல் கவிஞர் மில்டன், தன்னையே எரித்துக்கொண்டு மறுபடி பிறக்கும் பீனிக்ஸ் பறவையைப் பற்றிச் சொல்லும்போது இதைப் பயன்படுத்தினார். அங்கே பலியின் வாசனை இன்னும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அது போய்விட்டது. 1140களில் பிரெஞ்சு மன்னன் ஏழாம் லூயியின் படை வித்ரி என்ற ஊரைக் கொளுத்தியபோது, தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருகிச் செத்தார்கள். ‘எரிந்த வித்ரி’ என்றே அந்த ஊருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1833ல் ஓர் ஆங்கிலப் பயண எழுத்தாளர் இதைப் பற்றி எழுதும்போது, லூயி 1,300 பேரை ஹோலோகாஸ்ட் ஆக்கினான் என்றார். பெரும் தீயில் பலர் சாவது என்ற பொருள் வந்துவிட்டது. அப்புறம் நாடக அரங்கம் எரிந்தாலும், கப்பல் எரிந்தாலும், ஹோட்டல் எரிந்தாலும் அமெரிக்கப் பத்திரிகைகள் தலைப்பில் போட்டுக்கொண்டன.

நெருப்பும் கட்டாயமில்லை என்று ஆவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. துருக்கியில் அதானா பகுதியில் 1909 ஏப்ரலில் நடந்த ஆர்மீனியர் படுகொலையைப் பற்றி லண்டனில் 1913ல் வந்த ஒரு நூலின் தலைப்பிலேயே ஹோலோகாஸ்ட் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்து ஆர்மீனியர் அழிப்பை 1929ல் சர்ச்சில் ‘நிர்வாக ஹோலோகாஸ்ட்’ என்றார். அலுவலக உத்தரவு, பட்டியல், நாடுகடத்தல் என்று அரசு இயந்திரத்தை வைத்து ஒரு மக்களைத் துடைத்தெடுப்பதற்கு அவருக்குக் கிடைத்த சொல் அது. எழுதிய தேதியைப் பார்த்தால் கொஞ்சம் உடம்பு சிலிர்க்கும். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் நாலு வருஷம் இருந்தது. இதற்கு நேர் எதிராக, 1925ல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் துப்பாக்கிச் சூட்டில் செத்த இரண்டு பேருக்காகவும் இதே சொல் வருகிறது. தீ இல்லை, கூட்டம் இல்லை, பலி இல்லை. அந்த அளவுக்குச் சொல் லேசாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் யூதர்களுக்கு நடப்பது பற்றிய செய்திகள் 1942ன் இறுதியில் வெளியே வந்தபோது, பிரிட்டிஷ் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் கையில் இருந்த இந்தச் சொல்லை எடுத்தார்கள். 1943 மார்ச்சில் பிரபுக்கள் சபையில், அகதிகளுக்கான விதிகளைத் தளர்த்தினால் சில நூறு பேராவது, ஒருவேளை சில ஆயிரம் பேராவது ‘இந்த ஹோலோகாஸ்டிலிருந்து’ தப்பலாம் என்று பேசப்பட்டது. அது வெறும் பொதுச்சொல்தான். பேரழிவு, பெருநாசம் என்கிற மாதிரி. ஆங்கிலத்தில் இதைக் காட்ட சுலபமான வழி உண்டு: அப்போது சின்ன எழுத்தில் ஆரம்பித்த சொல் பிற்பாடு பெரிய எழுத்தில் ஆரம்பிக்க ஆரம்பித்தது. போருக்குப் பிறகும் ரொம்ப நாள் அது சின்ன எழுத்துதான். 1950களிலும் 60களிலும் ‘அணு ஹோலோகாஸ்ட்’ என்றால் ஹைட்ரஜன் குண்டு விழுந்து உலகமே அழிவது. அப்போதைய பயம் அது.

பெரிய எழுத்து வந்ததற்குப் பல காரணங்கள் சேர்ந்துகொண்டன. எருசலேமில் 1953ல் சட்டம் போட்டு அமைத்த யாத் வஷேம் நினைவு நிறுவனம், 1950களின் பிற்பாதியிலிருந்து தன் ஆங்கில வெளியீடுகளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1961ல் அதே நகரில் நடந்த நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணையை உலகம் முழுவதிலிருந்தும் நிருபர்கள் வந்து எழுதினார்கள். உயிர்தப்பியவர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். போரின் பல கொடுமைகளில் ஒன்று என்று இருந்தது தனி நிகழ்வாக, தனிப் பெயர் தேவைப்படும் ஒன்றாக மாறியது அப்போதுதான். எலீ வீசல் போன்ற எழுத்தாளர்கள் அதைப் பரப்பினார்கள். ஆனாலும் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது தொலைக்காட்சி. 1978 ஏப்ரலில் அமெரிக்காவின் என்பிசி நான்கு இரவுகளில் ஒளிபரப்பிய தொடரின் பெயரே ‘ஹோலோகாஸ்ட்’. சுமார் 12 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. விளம்பரங்களுக்கு நடுவே இந்த விஷயத்தைக் காட்டுவதா என்று வீசலே கோபப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அதிபர் கார்ட்டர் இதற்காக ஒரு ஆணையத்தை அமைத்து, அதன் தலைவராக வீசலைப் போட்டார். அந்த வேலையின் விளைவுதான் 1993ல் வாஷிங்டனில் திறந்த அருங்காட்சியகம்.

மேற்கு ஜெர்மனியில் நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். 1979 ஜனவரியில் அந்தத் தொடரை அங்கே காட்டினார்கள். சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதுவரை ஜெர்மானியர்கள் இந்த விஷயத்துக்கு, கொன்றவர்களே வைத்த ‘இறுதித் தீர்வு’ என்ற பெயரைத்தான் பெரும்பாலும் சொல்லிவந்தார்கள், அல்லது ‘யூதர் ஒழிப்பு’ என்றார்கள். தொடர் முடிந்ததும் ஓர் அமெரிக்க டிவி நிகழ்ச்சியின் தலைப்பு ஜெர்மன் சொல்லாகிவிட்டது. அந்த ஆண்டின் சொல் என்று அவர்களுடைய மொழிச் சங்கம் தேர்ந்தெடுத்தது அதைத்தான். கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடர இருந்த காலவரம்பை 1979 ஜூலையில் நாடாளுமன்றம் நீக்கியபோது, தொடர் கிளப்பிய விவாதமும் அதில் ஒரு பங்கு வகித்தது. ஒரு நாடு தன் குற்றத்துக்கான பெயரை வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து கடன் வாங்கியது விசித்திரம்தான்.

இனி எதிர்ப்புகளுக்கு வரலாம். பலி என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், வாங்குபவர் ஒருவர் வேண்டும், அதற்கு ஒரு நோக்கம் வேண்டும். 60 லட்சம் பேரைக் கொன்றதற்கு இந்தப் பெயரை வைத்தால் கொடுத்தவர் யார்? நாஜிகளா? வாங்கியவர் கடவுளா? நாஜிகளின் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து மீண்ட இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி இந்தச் சொல் தனக்குப் பிடிக்கவில்லை என்றும், மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமே என்றுதான் பயன்படுத்துவதாகவும் சொன்னார். வரலாற்றாசிரியர் வால்டர் லாக்கரும் நாஜிகள் யாருக்கும் பலி கொடுக்கவில்லை, யூதர்கள் பலிச் சடங்குக்கான விலங்கும் இல்லை என்று எழுதினார். இத்தாலியச் சிந்தனையாளர் அகம்பென் மேலே சொன்ன 1189 லண்டன் சம்பவத்தையே எடுத்துக்காட்டி, யூத வெறுப்பின் எச்சில் ஒட்டிய சொல் இது, நான் தொடமாட்டேன் என்றார்.

மறுபக்கம், பலி என்ற அர்த்தத்தைக் கடைசிவரை கொண்டுபோனவரும் உண்டு. வியன்னாவில் பிறந்து, பெர்லினில் ரப்பியாக, அதாவது யூத மதகுருவாக இருந்து, 1939ல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த இக்னாஸ் மேபாம் 1965ல் எழுதிய நூலில், அவுஷ்விட்ஸில் செத்தவர்கள் உலகத்தின் பாவத்துக்காகச் செத்தார்கள் என்கிற அளவுக்குப் போனார். அவருடைய தாயும் சகோதரிகளும் கொல்லப்பட்டவர்கள். லேசான மனதோடு சொன்ன பேச்சல்ல. ஆனாலும் யூதச் சிந்தனையாளர்களில் மிகச் சிலரே அதை ஏற்றார்கள். ஒரு குழந்தையை விஷவாயு அறைக்குள் தள்ளியதில் தெய்வ நோக்கம் தேடுவது கொன்றவனுக்குக் கடவுளின் வேலைக்காரன் பதவி கொடுப்பதாகிவிடும்.

இந்த எதிர்ப்புகள் நியாயமானவைதான். ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நெருப்பைப் பற்றிய கேள்வி. முழுக்க எரித்தல் என்ற சொல் நடந்ததை எவ்வளவு சரியாகச் சொல்கிறது? பார்த்தால், கொல்வதற்கு நாஜிகள் பொதுவாக நெருப்பைப் பயன்படுத்தவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் கிட்டத்தட்ட 20 லட்சம் யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கீவ் நகரத்தின் ஓரத்தில் பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 பேரைச் சுட்டதாக அவர்களே அறிக்கை எழுதினார்கள். யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ குடியிருப்புகளில் பசியிலும் காய்ச்சலிலும் லட்சக்கணக்கில் செத்தார்கள். ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக் முகாம்களில் எஞ்சின் புகையை அறைக்குள் விட்டுக் கொன்றார்கள். அவுஷ்விட்ஸில் சைக்ளான் பி என்ற விஷவாயு. தேவாலயத்தையும் யூதத் தொழுகைக்கூடத்தையும் பூட்டி உள்ளே இருந்தவர்களோடு கொளுத்திய சம்பவங்கள் உண்டு, ஆனால் முக்கிய வழி அதுவல்ல.

நெருப்பு வந்தது கொன்ற பிறகு. ட்ரெப்ளிங்காவில் முதலில் பிணங்களைப் பெரிய குழிகளில் புதைத்தார்கள். போர் எதிர்த்திசையில் திரும்பியதும், சோவியத் படை வந்தால் குழிகள் பேசும் என்ற பயம் வந்தது. 1942லிருந்தே ‘நடவடிக்கை 1005’ என்ற ரகசிய வேலை ஆரம்பமாகியிருந்தது. பால் புளோபெல் என்ற அதிகாரியிடம் அந்தப் பொறுப்பு. பாபி யாரில் சுட்ட படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவனும் அவனே. குழிகளைத் தோண்டி, அழுகிய பிணங்களை வெளியே எடுத்து, ரயில் தண்டவாளங்களை அடுப்புக் கட்டை மாதிரி அடுக்கி, அதன்மேல் போட்டு எரிப்பது, மிஞ்சிய எலும்பை நசுக்கித் தூளாக்குவது. செய்யவைத்தது கைதிகளை, வேலை முடிந்ததும் அவர்களையும் கொன்றார்கள். பாபி யாரில் 1943 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எரிமேடைக்கு அடிப்பாகமாகப் பக்கத்து யூதக் கல்லறையின் கற்களையே பெயர்த்துப் போட்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் செப்டம்பர் கடைசியில் ஓடித் தப்ப முயன்றார்கள்; பெரும்பாலோர் சுடப்பட்டார்கள், ஒரு சிலர் பிழைத்துச் சாட்சி சொன்னார்கள். பெல்செக்கிலும் ட்ரெப்ளிங்காவிலும் எல்லாம் எரித்து முடித்த பிறகு நிலத்தை உழுது, செடி நட்டு, குடியானவன் வீடு மாதிரி ஒன்றையும் கட்டிவைத்தார்கள். ட்ரெப்ளிங்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

அவுஷ்விட்ஸில் எரிப்பது தொழிற்சாலைக் கணக்கு. சூளைகளைச் செய்து கொடுத்தது எர்ஃபுர்ட் நகரத்தின் டோப்ஃப் அண்ட் சன்ஸ். 1878ல் தொடங்கிய நிறுவனம், பியர் வடிப்பதற்கான கருவிகள் செய்து பெயர் வாங்கியது. அதன் பொறியாளர்கள் முகாமுக்கே வந்து சூளையைப் பொருத்திவிட்டு, எத்தனை நிமிடத்தில் எத்தனை உடல் என்று கணக்குப் பார்த்தார்கள். 1944ல் ஹங்கேரியிலிருந்து ரயில் ரயிலாக யூதர்கள் வந்தபோது அந்தச் சூளைகளும் போதாமல் திறந்தவெளிக் குழிகளில் எரித்தார்கள். அதைக் கைதிகளில் ஒருவர் ஒளித்து வைத்திருந்த கேமராவில் 1944 ஆகஸ்டில் படம் எடுத்தார். நான்கு படங்கள். பற்பசைக் குழாய்க்குள் வைத்து க்ராகோவுக்குக் கடத்தினார்கள். சூளையில் வேலை செய்யவைக்கப்பட்ட யூதக் கைதிகள் எழுதிய குறிப்புகளையும் சாம்பல் கொட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே குப்பிகளில் போட்டுப் புதைத்தார்கள். ஸல்மான் கிராடோவ்ஸ்கி எழுதியவை போர் முடிந்த 1945லேயே தோண்டி எடுக்கப்பட்டன. அவர் அதற்கு முந்தைய ஆண்டு அந்தச் சூளைக் கைதிகள் செய்த கிளர்ச்சியில் செத்துப்போயிருந்தார்.

இதோடு யூத மதச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறந்தவரை மண்ணில் புதைப்பதுதான் அவர்களுக்குக் கட்டாயம், எரிப்பது தடை. எரியூட்டுவது சகஜமான நமக்கு அந்த இழிவின் கனம் உடனே உறைக்காது. லேவியராகமத்து நெருப்பு பலரும் பார்க்க எரிந்தது, புகை மேலே போவதே அதன் பயன். நாஜி நெருப்பு யாரும் பார்க்காமல் இருக்க எரிந்தது. பெயரையும் எண்ணிக்கையையும் இடத்தையும் அழிப்பது அதன் பயன். பலி என்ற கருத்து பொருந்தவில்லை என்பதைவிட, நெருப்பின் நோக்கமே தலைகீழாக இருப்பதுதான் இந்தச் சொல்லின் பெரிய சிக்கல் என்பது என் கருத்து. ஒரு வகையில் அதுவே சொல்லைக் காப்பாற்றவும் செய்கிறது: கொன்றதோடு நிற்காமல், கொன்றதன் தடயத்தையும் மிச்சமில்லாமல் எரிக்கப் பார்த்தார்கள் என்பதை ‘முழுக்க’ என்ற முன்பாதி தற்செயலாகச் சொல்லிவிடுகிறது.

மாற்றுப் பெயர்கள் இல்லாமல் இல்லை. எபிரேயத்தில் ‘ஷோவா’: பேரழிவு. வேதத்தில் வரும் பழைய சொல்தான், பலியோடு தொடர்பில்லாதது. போலந்து யூதர்களின் நிலை பற்றி 1940ல் எருசலேமில் வெளிவந்த ஒரு சிறு நூலின் தலைப்பிலேயே அது இருக்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் பேசிய இத்திஷ் மொழியில் ‘குர்பன்’ என்றார்கள். எருசலேம் ஆலயம் இரண்டு தடவை இடிக்கப்பட்டதைச் சொல்லும் பெயர் அது, மூன்றாவது அழிவு இது என்ற கணக்கில். கிளாட் லான்ஸ்மன் 1985ல் எடுத்த ஒன்பது மணி நேரத்துக்கும் அதிகமான ஆவணப்படத்துக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் ஷோவா என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். நாஜிகள் கொன்ற இன்னொரு மக்களான ரோமா (ஜிப்சி) மக்கள் தங்களுக்கு நேர்ந்ததற்குப் ‘பொராய்மோஸ்’ என்ற சொல்லை முன்வைத்தார்கள். அவர்களுக்குள்ளேயே அதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆங்கிலம் மட்டும் மாறவில்லை. யாத் வஷேமே எபிரேயத்தில் ஷோவா என்றும் ஆங்கிலத்தில் ஹோலோகாஸ்ட் என்றும் எழுதுகிறது. ஐ.நா. 2005ல் தீர்மானம் போட்டு, அவுஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27ஐ நினைவு நாளாக்கியபோதும் அதே ஆங்கிலப் பெயர்தான்.

தமிழில் நாம் எப்படி எழுதுகிறோம்? பத்திரிகைகளில் பெரும்பாலும் ‘யூத இனப்படுகொலை’. இனப்படுகொலை என்பது ரஃபேல் லெம்கின் 1944ல் உருவாக்கிய ‘ஜெனோசைட்’ என்ற சட்டச் சொல்லுக்கு நாம் வைத்த தமிழ். 1948 டிசம்பரில் ஐ.நா. உடன்படிக்கையில் ஏறிய குற்றத்தின் பெயர் அது. ருவாண்டாவுக்கும் ஆர்மீனியாவுக்கும் பொருந்தும். ஆகவே ‘யூத இனப்படுகொலை’ என்றால் குற்றத்தின் வகையைச் சொல்லி, பாதிக்கப்பட்டவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பலி, நெருப்பு, காணிக்கை எதுவும் உள்ளே வராது. லெவிக்கு இது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு குறை, கொன்றவர்கள் யார் என்பது இலக்கணப்படி தெளிவில்லை. யூதர்கள் செய்த படுகொலை என்றும் ஒருவர் படித்துவிடலாம். ‘யூதர் இனப்படுகொலை’ என்று ‘ர்’ சேர்த்தால் ஓரளவு சரியாகும். ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து நமக்குக் கிடையாது. அதனால் ‘ஹோலோகாஸ்ட்’ என்று எழுத்துப்பெயர்த்தால் அது பொதுச்சொல்லா தனிப்பெயரா என்ற குழப்பமே வராது. தமிழுக்கு வந்த நாளிலிருந்து அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆங்கிலப் பழைய புத்தகங்களை மொழிபெயர்ப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 1900களில் ஒரு நாடகக் கொட்டகை எரிந்த செய்தியிலோ கேட்ஸ்பியிலோ அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ‘இனப்படுகொலை’ என்று போட்டால் அபத்தமாகிவிடும். அங்கே ‘பெருந்தீ’ அல்லது ‘பேரழிவு’ போதும்.